சத்திரமும் சட்டமும்

வழிப்போக்கர் தங்கும் பொதுவிடத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. அம்பலம், பொதியில் என்பன பழையன. சாவடி, மடம், சத்திரம் என்பன பின்னர் வழங்கியவை. சாவடி என்னும் தென்மொழிச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் 'சௌல்ட்ரி' எனத் திரிந்தது. சராய் என்னும் பாரசீகச் சொல்லும் நமக்கு அயலானதன்று. சென்னைச் சென்ட்ரல் நிலையத்தின் எதிரே மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அமைத்த சித்தீக் சராய் அதற்குச் சான்று.

ஜவ்வாது மலையடியில், அமிர்தியில் கூடிய நம் துறை மாணவர்க்கு இச்சொற்களைப் பாடமாகச் சொன்னபோது ஒரு வினா எழுந்தது. 'ஆங்கிலேயர் தம் சிற்றூர் விடுதியையும் சட்டத்தால் காக்கின்றனர் என்கிறார்களே, நம் சத்திரத்தைக் காப்பவர் யார்?' அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள ஜார்ஜ் விடுதி 14ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அருகிலிருந்த துறவியர் மடத்துக்கு உரியதாயிருந்த அக்கட்டடம் கம்பளி வணிகத்துக்கும் பயன்பட்டது. கீழே கல்லும் மேலே மரச்சட்டமுமாக நிற்கும் அது இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்ற அந்நாட்டுப் பட்டியலில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்ற உரிமையாளரும் இசைவு பெறவேண்டும். பெறாது இடிப்பது குற்றம். ஆனால் உள்ளே சமையலோ விருந்தோ நிற்பதில்லை. விடுதி விடுதியாகவே இருந்துகொண்டு காக்கப்படுகிறது. பட்டியலில் இடம்பெறாதவற்றின் கதி வேறு. ஸ்டாஃபர்ட்ஷயரில் சாய்ந்த சுவர்களால் பெயர்பெற்ற 18ஆம் நூற்றாண்டு 'குரூக்கட் ஹவுஸ்' 2023 ஆகஸ்டில் தீப்பற்றியது. இரண்டே நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. அதனை முன்போலவே திரும்பக் கட்டுமாறு உள்ளூராட்சி 2024இல் ஆணையிட்டது. ஆணை பிறக்குமுன் கட்டடம் மறைந்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் நிறுவிய சத்திரங்களுள் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் தலைசிறந்தது. இரண்டாம் சரபோசி மன்னரின் அன்புக்குரிய முத்தம்மாள் மகப்பேற்றின்போது இறந்ததாகவும், தம் பெயரால் அறச்சாலை ஒன்று அமைய வேண்டுமென அவர் விரும்பியதாகவும் கூறுவர். கருவுற்று இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் நம் சிற்றூர்களிலும் இருந்தது. எளியோர் கல் நட்டனர். அரசர் சத்திரம் எழுப்பினார். இரண்டிலும் ஒரு பெண்ணின் இறக்கிவைக்க முடியாமற்போன சுமை, வழிப்போக்கர் சுமை இறக்கும் இடமாயிற்று.

சத்திரத்தின் அமைப்பு அதன் கடமையிலிருந்து பிறந்தது. அழைப்பின்றி வந்தவரும் அமரத் தெருவை நோக்கிய திண்ணை. காற்றும் வெளிச்சமும் வர நடு முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண் நிறுத்திய தாழ்வாரம். பின்புறம் அடுக்களையும் கிணறும். ஒரத்தநாட்டில் முகப்பின் அடித்தளமே குதிரையும் யானையும் இழுத்துச் செல்லும் தேர்போல் அமைந்துள்ளது. பயணியர்க்கான இல்லத்துக்கு இதனினும் பொருத்தமான வடிவம் நாம் வேறெங்கும் கண்டதில்லை.

1799இல் நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்த சரபோசி மன்னர், 1801இல் ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில் சத்திர அறத்தைக் காக்குமாறு வேண்டினார். சாதி வேறுபாடின்றி உணவு, நோயுற்றோர்க்கு மருத்துவம், குழந்தைகட்குப் பால், ஆதரவற்ற பிள்ளைகட்குக் கல்வி, கருவுற்ற பெண்டிர்க்குத் தனிப் பேணல் ஆகியவற்றை அம்மடல் விரித்துரைக்கிறது. முத்தம்மாளின் முடிவை அறிந்தோர்க்கு அந்த இறுதிச் செய்தி வெறும் நிருவாகக் குறிப்பாகத் தோன்றாது. நாட்டை விட்டுக்கொடுத்த மன்னர் சத்திரத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி நின்றார்.

சத்திரங்களைத் தளரச் செய்தது போரன்று, இருப்புப்பாதை. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டபின் இராமேசுவரத்துக்கு நடந்து செல்வோர் அருகினர். பின்னர்ச் சத்திரங்கள் பள்ளிகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. இம்மாற்றத்தை நாம் பழிப்பதற்கில்லை. ஆள் புழங்கும் கூரையின் ஒழுகல்தான் உடனே கண்ணிற்படும். மதுரை நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் நிலைத்ததற்கு, நடைப்பயணியர் போனபின்னும் இரயிற்பயணியர் வந்தமை ஒரு காரணமாகலாம்.

பழிக்கத்தக்கது பழுதுபார்க்கும் முறையே. பழஞ்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. அது ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிட்டு மூச்சுவிடுவது போல் இயங்கும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு மினுக்க, உள்ளிருக்கும் செங்கல் பொடியாகும். அன்போடு செய்யப்படும் இக்கேடு இடிப்பதற்கு அடுத்தபடியானது.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. அமிர்தியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள வேலூர்க் கோட்டை ஒன்றிய அரசின் தொல்லியல் துறையால் காக்கப்படுகிறது. 1958ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கின்றன. மரபுச் சின்னங்களுக்கென ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டில் 2012இல் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. ஆயினும் கோட்டையும் கோயிலும் எளிதில் கண்ணிற்படுவதுபோல் சாலையோரத்துச் சிறு சத்திரம் படுவதில்லை. சாலை அகலமாகும்போது முதலில் போவது திண்ணை. திண்ணை போனபின் மிஞ்சுவது ஏதோ ஒரு பழைய வீடு. அதனைச் சத்திரமென்று மெய்ப்பிக்க ஏடும் இராது.

எனவே மாணவர்க்கு ஒரு பணி தந்தோம். தத்தம் ஊர்ப்பகுதியில் சத்திரம், சாவடி, சராய் என முடியும் இடப்பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் கட்டடம் உளதா, கல்வெட்டு உளதா, திண்ணையின் நீள அகலம் என்ன, பூச்சு சுண்ணாம்பா சிமெண்டா, இன்று அங்கு யார் இருக்கின்றனர் என எழுதிவருதல் வேண்டும். கட்டடம் இல்லாத இடத்தில் பெயரை மட்டுமேனும் குறித்தல் வேண்டும்.