சுவர் இருந்தால்தான் சித்திரம்

“ஓவியம் சோறு போடுமா?”

ஜீவனஹள்ளியில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் சென்ற மாதம் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் மகன் பி.யு.சி. தேறிவிட்டான். ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். “தம்பி, நீங்கள் எம்.எஸ்ஸி. படிக்கிறவர். நீங்கள் சொன்னால் கேட்பான். நல்ல புத்தி சொல்லுங்கள்” என்றார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பம் அது. அவருடைய அச்சத்தில் தவறில்லை. ஆனால் ஆராயாமல் புத்தி சொல்வது விஞ்ஞானம் பயில்பவனுக்கு அழகாகுமா? ஆராய்ந்து கண்டதை மன்றத்து நண்பர்கள் முன் வைக்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பெரியோர் சொன்னது உடல்நலத்தைக் குறித்து. ஓவியனுக்கோ அது வருவாயையும் குறிக்கும். வயிற்றுக்கு ஒரு வழி இருந்தால்தான் கை அஞ்சாமல் வரையும். அந்தச் சுவரைத் தாங்களே எழுப்பிக்கொண்ட கலைஞர் கூட்டம் ஒன்று நம் தமிழ்நாட்டில் உண்டு. அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அதனை நிறுவியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோவையில் பிறந்த அவர், தந்தி இலாகாவில் வேலை பார்த்தார்; இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டாகவும் அலைந்தார். 1936இல், 25ஆம் வயதில்தான் சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வருமானார். அவர் கண்ட காட்சி ஒன்று அவரை வருத்தியது. திறமைமிக்க மாணவர்கள் படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலையில் அமர்ந்து, தூரிகையை மறந்துபோயினர். அக்காலத்தில் சென்னையில் புதுமுறை ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே.

படம் விற்காவிட்டால் என்ன, கைத்தொழில் விற்கும் அன்றோ? பாத்திக் துணி, உலோக வேலை முதலியவற்றைச் செய்து விற்கக் கலைஞர்கள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தனர். அதில் சேர்ந்த பணம் நிலம் வாங்க உதவியது. 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கிராமம் உருவாயிற்று. பகலில் ஒரு பொழுது கைவினை. மற்றப் பொழுது தனக்கென ஓவியம் அல்லது சிற்பம். கைவினை வயிற்றைக் காத்தது. அதனால் ஓவியம் வாங்குவோரின் விருப்பத்திற்கு வளைய வேண்டியதில்லை.

பாத்திக் என்பது என்ன? என் பாடத்திற்கு நெருங்கிய செய்தியாதலால் சற்று விளக்குகிறேன். துணியில் நிறம் வேண்டாத இடங்களை உருக்கிய மெழுகால் மூடிச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் பற்றாது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் இறுதியில். ஒவ்வொரு நிறத்திற்கும் மீண்டும் மெழுகு பூச வேண்டும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஆதலால் கொதிக்கும் சாயம் ஆகாது. குளிர்ந்த நீரில் பற்றும் சாயமே வேண்டும். தேன்மெழுகு வளையும், பாரஃபின் மெழுகு எளிதில் வெடிக்கும். அந்த வெடிப்பினுள் சாயம் புகுந்து நரம்புபோலக் கோடுகள் விழும். எவ்வளவு வெடிப்பு வேண்டும் என்று தீர்மானித்து இரண்டையும் கலப்பவனே கைதேர்ந்தவன். கடைசியில் வெந்நீரில் மெழுகு நீங்கிச் சித்திரம் வெளிப்படும். இது சோதனைச்சாலைப் பயிற்சிக்குக் குறைந்ததா, சொல்லுங்கள்!

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றவை மூன்று. முதலாவது, கலையோடு விற்கத்தக்க கைத்திறன் ஒன்றும் வேண்டும். அன்று பாத்திக், இன்று புத்தக அட்டை, விளம்பரம், கணினி வரைகலை, பள்ளி ஆசிரியப் பணி என வழிகள் பல. இரண்டாவது, கணக்கு. வண்ணம், துணி, சட்டம், வாடகை, உழைத்த நேரம் யாவற்றையும் எழுதி வைக்காதவன் விலை சொல்லத் தெரியாமல் நட்டப்படுவான். மூன்றாவது, கூட்டுறவு. ஒருவரால் வாங்க முடியாத நிலத்தைப் பலர் சேர்ந்து வாங்கினர்.

பெங்களூரிலும் வாய்ப்புக்குக் குறைவில்லை. 1960இல் தோன்றிய கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் கல்லூரி இங்கே உள்ளது. அதன் அருகே குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தையில், ஓவியர்கள் தம் படங்களைத் தாமே வீதியில் வைத்து விற்கிறார்கள். சோழமண்டலத்தை நிறுவிய கலைஞருள் ஒருவரான எஸ்.ஜி. வாசுதேவ் மைசூரில் பிறந்தவர். பின்னர் பெங்களூருக்கே குடிபெயர்ந்தார். ஓவியத்தோடு செப்புத்தகட்டுப் புடைப்புச் சிற்பமும், பட்டு நெசவுச் சித்திரமும் அவர் கைவண்ணங்கள்.

இவற்றை வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லோரும் வாசுதேவ் ஆகிவிட முடியாது என்பதையும், முதல் சில ஆண்டுகள் கடினமானவை என்பதையும் மறைக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்தவர், மகனைப் பார்த்து, “கணக்கு எழுதுவாயா?” என்று கேட்டார். “எழுதுகிறேன் அப்பா” என்றான். மறுநாள் விண்ணப்பத்திற்குப் பணம் கொடுத்தார். முகத்தில் கவலை தீரவில்லை; ஆயினும் கொடுத்தார்.

நண்பர்களே, நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மன்ற விழா வந்தால் ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பேசிய பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். இரவெல்லாம் விழித்து மேடைத் திரை எழுதும் மாணவனுக்கோ கைதட்டலோடு சரி. வண்ணம் வாங்கிய காசுகூட அவன் கையிலிருந்து போகிறது. ஓவியம் சோறு போடாது என்று சொல்கிற நாமே, அவன் தட்டில் சோறு விழாமல் பார்த்துக்கொள்கிறோம்! இவ்வாண்டு விழாக் கணக்கில் ஓவியருக்கென ஒரு வரி எழுதுவோம். சுவரின் முதற்கல் நம் கையால் வைக்கப்படட்டும்.