மனு எழுதுவதும் பிசியோவின் வேலைதான்

2025 செப்டம்பர் 9 அன்று மத்திய சுகாதார சேவைகள் இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடக் கூடாது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். பிசியோதெரபி இளநிலை (பி.பி.டி.) மாணவர்கள் பலரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கொதித்தது. கோபம் நியாயம்தான். ஆனால் அவர்களுடைய தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. அதைப் படித்தவர்கள் யார் என்று வகுப்பில் கேட்டால் எத்தனை கை உயரும்? சோம்பல் என்று சொல்ல மாட்டேன். தடுப்பது சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: “சட்டம்தான் வந்தாச்சே, இனி என்ன?”

பிசியோதெரபிக்கு மத்திய கவுன்சில் அமைக்க 2007-ல் ஒரு மசோதா வந்தது. மக்களவை கலைந்ததோடு அதுவும் காலாவதியானது. 2018-ல் இன்னொன்று வந்து நிலைக்குழுவுக்குப் போனது. 2020-ல் திருத்திய வடிவம் வந்து, 2021 மார்ச்சில்தான் பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் ஆறு மாதத்தில் மாநிலக் கவுன்சில் அமைத்திருக்க வேண்டும். பல மாநிலங்கள் அசையவில்லை. 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாதம் கெடு வைக்க வேண்டியிருந்தது. மாணவர்களே, நாளை உங்கள் பெயர் ஏற வேண்டிய மாநிலப் பதிவேட்டை வைத்திருக்கப்போவது அந்தக் கவுன்சில்தான். ‘டாக்டர்’ பட்டத்துக்கு எழுந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை என்பது என் வருத்தம்.

நம்பிக்கை: “படிக்கிற பிள்ளை சொல்வதை யார் கேட்பார்கள்?”

ஒரு மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பட்டம் முடித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மசோதாவின் வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே கொள்கை வகுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: குறை தீர்க்கக் கோரி அரசுக்கோ அதிகாரிக்கோ கொடுக்கும் மனுவைத் தமிழிலேயே கொடுக்க அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ‘பிசியோதெரபி ஓர் உன்னதமான தொழில்’ என்று தொடங்கும் மனுவை எம்.எல்.ஏ.வின் உதவியாளர் இரண்டாவது வரியிலேயே மூடிவிடுவார். இன்டர்ன்ஷிப்பில் கண்ணால் கண்டதை எழுதுங்கள். ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தவர் டிஸ்சார்ஜ் ஆகிறார். பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்கிறோம். இரண்டு பஸ் மாறி வர வேண்டும், கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போகும். இரண்டு வாரத்தில் வருவது நின்றுவிடுகிறது. மூன்று மாதம் கழித்து வரும்போது தோள் இறுகிப்போய், கையைத் தூக்கினாலே அலறுகிறார். பெயரும் படுக்கை எண்ணும் ஊரும் வேண்டாம், இந்த நாலு வரி போதும்.

அடுத்து, ஒரே ஒரு கோரிக்கை. ‘நம் தொகுதி அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்ட் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை என்று சட்டமன்றத்தில் கேள்வி எழுப்புங்கள்’ என்று கேட்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுபோகிறது. அதாவது தேவை இருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டாயிற்று. உங்கள் மனு அதைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். எல்லாம் ஒரே பக்கத்தில்.

நம்பிக்கை: “இதெல்லாம் அரசியல், நமக்கெதற்கு வம்பு?”

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இருவருக்கும் ஒரே மனுவைக் கொடுங்கள், கட்சிச் சாயம் ஒட்டாது. கல்லூரியின் லெட்டர்பேடை மட்டும் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். சொந்தப் பெயரில், ஒரு குடிமகனாக எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

நம்பிக்கை: “கடிதம் போட்டால் சட்டம் மாறிவிடுமா?”

ஒரு கடிதத்தால் மாறாதுதான். அமெரிக்காவில் 1997-ல் வந்த சட்டம், முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 1,500 டாலர் என்று உச்சவரம்பு போட்டது. ஸ்ட்ரோக் வந்தவருக்கு நடையும் போயிருக்கும், பேச்சும் போயிருக்கும். எதைச் சரிசெய்ய, எதை விட? அந்த நாட்டு பிசியோதெரபிஸ்டுகளும் மாணவர்களும் ஆண்டுதோறும் தங்கள் பிரதிநிதிகளின் கதவைத் தட்டினார்கள். நாடாளுமன்றம் பலமுறை தள்ளிவைத்தது, விலக்குகள் கொடுத்தது, கடைசியில் 2018 பிப்ரவரியில் வரம்பையே நீக்கியது. 1997-ல் மாணவராக இருந்தவருக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும்.

அதனால் பதில் வரவில்லையென்று முதல் மனுவோடு நிறுத்த வேண்டாம். கொடுக்கும்போதே நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததும் அந்த நகலோடு தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். முடிந்தால் ஜூனியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகு யாராவது தொடர வேண்டுமே.