டர்போ என்பது ஊதுகுழல்

விறகை மட்டும் திணித்தால் அடுப்பு புகையும். ஊதுகுழலால் ஊதினால்தான் நன்றாக எரியும். லாரியின் டீசல் இன்ஜினில் டர்போ செய்வதும் அதுதான். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது.

விளைச்சல் ஏற்றப் பழைய லாரி வாங்கும் நண்பர்கள், "டியூனிங் பண்ணி இழுவையைக் கூட்டலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் மிச்சம். சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் கெடும். பேங்க்ல கடன் கணக்கு பார்த்தவன் சொல்றேன்: தவணை முடியறதுக்குள்ள இன்ஜினைப் பிரிச்சா லாபம் ஏது?

இழுவை குறைஞ்சா முதல்ல ஏர் ஃபில்டர் அடைப்பையும் டர்போ ஹோஸ் கசிவையும் பாருங்க. லோடு இழுத்து வந்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்க. நிமிடத்துக்கு லட்சம் சுற்று வரை சுழலும் டர்போ தண்டு, ஆயில் ஓடும்போதே ஆறட்டும்.