சுவர்ப் படங்களுக்கு மலிவாகச் சட்டம் போட

முத்துமாரியம்மன் மாசிமகத் தேர்ப்படம், சீகிரியா ஓவியத்தின் அச்சுப்பிரதி, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய கிரிக்கெட் போஸ்டர், எதுவானாலும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினால் அடுத்த மழைக்குச் சுருண்டு விழும். மாத்தளை, இறத்தோட்டை, உக்குவளைப் பக்கம் படத்துக்கு எதிரி ஈரம்தான். சட்டத்தின் பகட்டை விட, படத்தின் முதுகைக் கவனியுங்கள்.

1. முதலில் சுவரைத் தெரிவு செய்யுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் நல்லது. லயத்து வீடென்றால் அடுப்படிப் புகையும் படக்கூடாது. சீகிரியாவில் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை, மழை எட்டாத பாறைக்குடைவில் இருப்பவையே.

2. சுருட்டி வாங்கிய படத்தை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தாதீர்கள், மை வெடிக்கும். இரண்டு சுத்தமான கடதாசிகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு பலகையும் அரிசி மூட்டையும் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள்.

3. பின்பலகைக்குப் பலசரக்குக் கடைக் காட்போட் பெட்டியே போதும். ஆனால் ஒற்றை அட்டை வளையும். இரண்டு அட்டைகளை, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் வருமாறு ஒட்டினால் வளையாது. ரெஜிபோமும் நல்லதுதான், ஆனால் செருப்புக்குப் பூசும் பசையை அதில் தடவாதீர்கள், உருகிவிடும். வெள்ளைக் கம் போதும்.

4. மரச்சட்டம் வேண்டுமென்றால் மரக்காலையில் கழிவுத் துண்டு கேளுங்கள். 18 × 24 அங்குலப் படத்துக்கு ஓரங்குல அகலச் சட்டம் என்றால், 25½ அங்குலத்தில் இரண்டு, 17½ அங்குலத்தில் இரண்டு. சட்டம் படத்தின் நான்கு ஓரங்களிலும் கால் அங்குலம் ஏறி உட்காரும். மொத்தம் 86 அங்குலம். அறுப்பில் போவதையும் சேர்த்தால் 8 அடிச் சட்டம் ஒன்று போதும். மூலையைச் சாய்த்து அறுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. குட்டைத் துண்டுகளை நெட்டைத் துண்டுகளுக்கு நடுவில் நேராக வைத்து, கம் பூசி, பின்னால் மூலைக்கொரு தகரத் துண்டை அடித்துவிடுங்கள். பச்சை மரம் வேண்டாம், காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

5. இதைவிட மலிவு, இரட்டைக் குச்சி முறை. படத்தின் மேல் விளிம்பை இரண்டு மெல்லிய சட்டங்களுக்கு நடுவில் வைத்து இறுக்குங்கள். கீழ் விளிம்புக்கும் அப்படியே. மேலே ஒரு நூல் கட்டினால் தொங்கும். மூங்கிலைப் பிளந்தும் செய்யலாம். வாடகை வீட்டுக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான்: ஓர் ஆணி போதும், வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.

6. கண்ணாடி படத்தில் நேராகப் படக்கூடாது. ஈரத்தில் அச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. பிறிஸ்டல் போர்ட்டை அரை அங்குல நாடாவாக வெட்டி, இரண்டு மூன்று அடுக்காக நான்கு ஓரமும் கொடுங்கள். கண்ணாடிக்குப் பணமில்லையா? கண்ணாடியே இல்லாமல் மாட்டுங்கள். மலிவான பிளாஸ்டிக் தாள் தொய்ந்து, படத்தையும் மங்கலாகக் காட்டும்.

7. மரத்துக்குப் பதில் அட்டையில் வெட்டிய சட்டத்துக்குத் துணி சுற்றினால் அழகு. பழைய சேலைக் கரை, பத்திக் வெட்டுத் துண்டு எதுவும் சரி. எனா த சில்வா (1922–2015) பத்திக் வளர்த்த அலுவிகாரை நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது! துணி பல நிறமாக இருந்தால் படம் ஒரு நிறமாக இருக்கட்டும்.

8. படத்தைப் பின்பலகையில் ஒட்டக் கோதுமை மாப் பசை மலிவு. ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. படம் முழுக்கத் தடவாமல் மேல் விளிம்பில் மட்டும் தொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள்.

9. தேய்ந்த இறப்பர் செருப்பில் சிறு துண்டுகள் வெட்டி, சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் ஒட்டுங்கள். படம் சுவரை விட்டு விலகி நிற்கும், பின்னால் காற்று ஓடும். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

10. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கழற்றி முதுகைத் துடையுங்கள். பூஞ்சணம் கண்டால் நிழலில் காயவைத்து அட்டையை மாற்றுங்கள்.

இதெல்லாம் மறுபடி வாங்கக்கூடிய அச்சுப் படங்களுக்குத்தான். பாட்டன் பாட்டியின் கலியாணப் படம் ஒரே பிரதிதான் இருக்கிறதென்றால், அதைப் பிரதி எடுத்து, பிரதிக்குச் சட்டம் போடுங்கள்.