சமைத்த சோற்றைப் பேணலும் மீளச் சூடாக்கலும்

நாற்று நடுகை, அரிவு வெட்டு, வெங்காயம் கிண்டுதல் ஆகிய வேலைகள் நடைபெறும் நாட்களிற் கமக்காரர் இல்லங்களில் வழக்கத்திலும் பன்மடங்கு சோறு சமைக்கப்படுகின்றது. நண்பகலில் வேலையாட்களுக்குக் கொடுக்கவேண்டிய சோறு விடியுமுன்னரே வடிக்கப்பட்டு, பெரும் பானையில் மூடி, சாக்கினாற் போர்த்து, வயலுக்குக் கொண்டு செல்லப்படுவதுமுண்டு. சூடு ஆறாதிருத்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இச்செயலே சிலவேளைகளில் உண்டவர் பலரும் ஒருங்கே வாந்தியெடுத்துப் படுத்துவிடுதற்குக் காரணமாகின்றது. அப்போது பழி பெரும்பாலும் மீன்கறியின்மேற் போடப்படும். சோற்றை ஐயுறுவோர் மிகச் சிலர்.

வயல் மண்ணில் இயல்பாகவே வாழும் பசிலசு சீரியசு என்னும் பற்றீரியம் நெல்லுடன் வீட்டுக்கு வருகின்றது. இது வன்மையான உறையுடைய வித்திகளைத் தோற்றுவிக்கும். அரிசியைப் பலமுறை கழுவினாலும் வித்திகள் முற்றாக நீங்கா. உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. கொதித்த சூடே அவற்றை விழிக்கச் செய்யும். பின்னர் சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது, சிறப்பாக 30 பாகை செல்சியசை அண்டிய வெப்பநிலையில், அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு 121 பாகையில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாதது. எனவே கெடத் தொடங்கிய சோற்றைச் சூடாக்கினாற் குற்றம் நீங்கிவிடும் என்று எண்ணுதல் தவறு. சூடாக்கல் பற்றீரியத்தைக் கொல்லும்; நஞ்சை நீக்காது. நஞ்சுண்டான சோறு மணத்தாலும் சுவையாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாதிருத்தலுமுண்டு.

1971 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சீன உணவுச்சாலைகளிற் பொரித்த சோறு உண்ட பலர் இவ்வாறு நோயுற்றனர். மொத்தமாக அவித்த சோற்றைக் குளிரேற்றாது நெடுநேரம் வைத்திருந்து, பின்னர் பொரித்துக் கொடுத்தமையே காரணமெனக் கண்டனர். உண்டபின் அரை மணித்தியாலம் முதல் ஆறு மணித்தியாலத்துள் வாந்தி உண்டாகும். இப்பற்றீரியத்தின் வேறொரு நஞ்சினால் வயிற்றோட்டம் உண்டாகலாம். அது சற்றுப் பிந்தியே தோன்றும். பெரும்பாலும் ஒரு நாளில் நோய் தணியுமெனினும், வெயிலில் வேலை செய்து ஏற்கெனவே நீரிழந்தவர்க்கும், சிறுவர்க்கும், முதியோர்க்கும் இடர் மிகுதி. அவர்க்குச் ஜீவனிக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்து, வாந்தி நில்லாவிடின் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

ஆகவே கவனிக்கவேண்டியது சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரமேயாகும். ஆழமான பானையின் மேற்பகுதி ஆறினாலும் நடுப்பகுதி பல மணித்தியாலம் இளஞ்சூட்டுடனேயே இருக்கும். எமது நாட்டின் தாழ்நிலங்களிற் பகல் வெப்பம் 30 பாகையளவில் இருத்தலால், சோற்றைப் பரப்பி ஆறவிட்டாலும் அது அப்பற்றீரியத்துக்கு உவப்பான நிலையைத் தாண்டுவதில்லை. வேலையாட்களின் சோறு வடித்ததிலிருந்து நான்கு மணித்தியாலத்துள் உண்ணப்படுதல் வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு ஒரே உலையில் முழுவதையும் ஆக்குவதிலும், காலை ஒன்பது மணியளவில் மதியத்துக்கென மற்றோர் உலை வைத்தல் நன்று. விறகும் உழைப்பும் சிறிது கூடுமென்பது உண்மையே. ஆயினும் ஆள் கிடைத்தல் அரிதான அறுவடை நாளில் ஒரு கூட்டமே படுத்துவிடுவதால் வரும் நட்டத்தை நோக்க அது சிறிது.

சோற்றைச் சூடாகவே வைத்திருக்க விரும்புவோர் பானையைத் தணலின்மேல் வைத்து, இடையிடையே கிளறி, ஆவி பறக்கும் நிலையிலேயே பேணல் வேண்டும். 60 பாகைக்குமேற் பற்றீரியம் பெருகாது. பொதி கட்டுவோர் நெருப்பில் வாட்டிய வாழையிலையைக் கொள்ளலாம். ஆனால் இலை சோற்றைக் கெடாமற் காக்குமென்று நம்பி நேரத்தை மறத்தலாகாது.

இரவுச் சோறு மிஞ்சினால், குளிர்சாதனப் பெட்டியுள்ளோர் அதனை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத கனத்தில் அகன்ற தட்டிற் பரப்பி, ஆவி அடங்கியதும், ஒரு மணித்தியாலத்துள் மூடிப் பெட்டியுள் வைத்தல் வேண்டும். பானையோடு உள்ளே தள்ளுதல் பயனற்றது. 5 பாகையிலோ அதற்குக் கீழோ வைத்த அச்சோற்றை மறுநாளே உண்டு தீர்க்க வேண்டும். பெட்டி இல்லாதோர்க்கு எம் முன்னோர் கண்ட பழஞ்சோற்று முறை உண்டு. தண்ணீர் சோற்றின் சூட்டை விரைவில் வாங்குகின்றது; இரவிற் பெருகும் இலற்றிக்கமில பற்றீரியங்கள் அதனைப் புளிக்கச் செய்து ஏனையவற்றை அடக்குகின்றன. ஆனால் புளிப்பு உண்டாக நேரஞ்செல்லும். ஆதலாற் சோற்றை மாலையிலிருந்து வெறுமனே வைத்திருந்து படுக்கப்போகும்போது நீரூற்றுதல் கூடாது. உண்டு முடிந்தவுடனேயே, கொதித்தாறிய நீரைச் சோறு அமிழ ஊற்றி, நன்கு கழுவிக் காயவைத்த மண்சட்டியில் வைத்து, காலையிலேயே உண்ண வேண்டும். வழுவழுப்போ தீய நாற்றமோ இருப்பின் நீக்கிவிடல் வேண்டும்.

குளிர்ந்த சோறு கடினமாவதேன் என்று கேட்போருண்டு. மாப்பொருளில் அமைலோசு, அமைலோபெற்றின் என இரு கூறுகள் உள. ஆறியவுடன் அமைலோசு விரைவாக இறுகும். மற்றையது மெதுவாக இறுகி, சூட்டினால் மீண்டும் இளகும். இலாவோசு நாட்டிலும் தாய்லாந்தின் வடகிழக்கிலும் நாளாந்த உணவாகிய ஒட்டரிசியில் அமைலோசு ஏறக்குறைய இல்லை. அதனால் அது ஆறியும் நெடுநேரம் மென்மையாயிருக்கும். குளிரேற்றினால் இறுகும், ஆவியில் வைத்தால் பழைய நிலையை அடையும். அந்நாட்டார் அதனை ஊறவைத்து மூங்கிற் கூடையில் அவிப்பது, எமது பெண்கள் நீத்துப்பெட்டியிற் பிட்டு அவிப்பதை ஒத்தது. மென்மையாயிருத்தல் கெடாமைக்கு அடையாளமன்று. ஒட்டரிசிக்கும் புக்கைக்கும் மேற்கூறிய நேரக்கணக்கே பொருந்தும். தேங்காய்ப்பால் விட்ட பாற்சோற்றை ஆக்கிய வேளையிலேயே உண்டு முடித்தல் நன்று.

உரிய முறையிற் குளிரேற்றிய சோற்றைச் சூடாக்க நீத்துப்பெட்டியே சிறந்த கருவி. கட்டிகளை உதிர்த்து, சிறிது நீர் தெளித்து, கொதிநீரின்மேற் பத்து நிமிடமளவு வைத்தால் எவ்விடமும் ஆவியேறும். சட்டியிற் சூடாக்குவோர் ஒரு கோப்பைச் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி நீர் விட்டு மூடிக் கிளற வேண்டும். நடுவிலுள்ள சோறும் கைபொறுக்காத சூட்டை அடைதல் வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மறுமுறை சூடாக்கலாகாது. வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குக.

மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைத்தல் பலருடைய வழக்கம். பட்டிப்பொங்கல் நாளில் அன்பு மேலிட்டுப் பெருமளவு பொங்கல் ஊட்டப்பட்ட பசுக்கள் வயிறு புளித்து உப்பி இறப்பதுமுண்டு. ஒரு பிடிக்கு மேற் கொடாதிருத்தல் நன்று. கெட்ட சோற்றை எவ்விலங்குக்கும் வையாது, கூட்டெருக் குழியிலிட்டு, எலியும் நாயும் கிளறாவண்ணம் ஒரு சாண் கனத்துக்கு மண்ணால் மூடிவிடல் வேண்டும்.