ஈரக் கல் மெருகுப் பொறி

துணி விரித்துக் காட்டும் கருங்கல் மேடை சில ஆண்டுகளில் மங்கி, ஓரங்களில் சொரசொரத்துப் போவதை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பீர்கள். பட்டின் இழை அதில் சிக்குகிறது. இதற்காகக் கல்லையே மாற்ற வேண்டியதில்லை. மின்சாரத்தால் இயங்கும் ஈர மெருகுப் பொறியைக் கொண்டு அதனைப் புதுப்பிக்கலாம்.

பொறியின் சுழல்தண்டு நடுவே துளையுள்ளது. குழாயில் வரும் நீர் அத்துளை வழியே, வைரத் துகள் பதித்த வட்டத் தட்டின் நடுவில் இறங்கும். அந்த நீர் தட்டைச் சூடேறாமல் காக்கிறது. அரைபட்ட கல்லை வெளியேற்றுகிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, தூசியை அடக்குகிறது. கருங்கல்லில் உள்ள படிகத்தின் நுண்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாகும். அதனைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆகவே ஒரு நிமிட வேலைதானே என்று நீரின்றி ஓட்டலாகாது. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது இத்தூசிக்குத் தடையாகாது. நுண்தூசிக்கென்றே செய்த முகமூடி வேண்டும்.

நீரும் மின்சாரமும் ஒரே கையில் சேரும் வேலை இது. கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இல்லாத இடத்தில் பொறியைத் தொடவே வேண்டாம். அக்கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பின்னரே வேலை தொடங்குக. சில பொறிகளில் அது கம்பியோடு சேர்ந்தே வரும். இடைஞ்சல் என்று அதை வெட்டி எறிவோர் உண்டு. அவர்களுக்குப் பொறியைத் தரலாகாது. கம்பியின் இணைப்பைத் தரையில் கிடத்தாமல் உயரத்தில் மாட்டி, கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டால், வழியும் நீர் இணைப்புக்குள் புகாமல் கீழே சொட்டிவிடும். ரப்பர் காலணி அவசியம்.

சாதாரணக் கையடக்க அரைப்பானில் இத்தட்டைப் பொருத்துவது தவறு. அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழலும்; மெருகுப் பொறியோ பெரும்பாலும் 4,000-ஐ ஒட்டியே சுழலும். வேகம் மிகுந்தால் தட்டு கழன்று பறக்கும்.

தட்டுகள் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்ற எண்களில் கிடைக்கும். எண் சிறிதானால் துகள் பெரிது. கீறல் ஆழமில்லையெனில் 200-இல் தொடங்கலாம். ஆனால் இடையில் ஒன்றையும் தாண்டலாகாது. நான் முதன்முறை 200-இலிருந்து நேரே 800-க்குத் தாவினேன். கல் பளபளத்தது. மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் முந்தைய தட்டின் வட்டக் கீறல்கள் அப்படியே இருப்பது தெரிந்தது. ஈரக் கல் எப்போதும் மெருகேறியதுபோல் ஏமாற்றும். ஒவ்வொரு தட்டுக்கும் பின் மேடையைக் கழுவி, துடைத்து, உலர்த்திப் பார்க்க வேண்டும். முன் தட்டின் ஒரு துகள் தங்கினாலும் புதுக் கீறல் விழும்.

பொறியை அழுத்த வேண்டாம். அதன் எடையே போதும். தட்டு கல்லின்மேல் முழுதும் படிந்திருக்கட்டும். சாய்த்தால் பிறை வடிவில் பள்ளம் விழும். ஒருமுறை நெடுக்காகவும் மறுமுறை குறுக்காகவும், பாவும் ஊடும்போல ஓட்டி வருக.

வேலை முடிந்ததும் நீரை நிறுத்தி, தட்டைக் கல்லிலிருந்து தூக்கிப் பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். பின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் துடைக்கவும். கற்சேறு காய்ந்தால் சிமெண்டுபோல் இறுகிக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். தட்டுகளைக் கழுவி நிழலில் உலர்த்துக. பல்சக்கரத் தலையிலிருந்து நீர் கசிந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றும்வரை ஓட்டலாகாது. மோட்டாரில் தீப்பொறி மிகுந்தால் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுக.

கற்சேற்றை வாய்க்காலில் விட வேண்டாம். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, அடியில் தங்கியதை வயலுக்கு அப்பால் புதைத்துவிடுங்கள்.