மூன்று மலை, ஒரு கிராமத்து வைத்தியசாலை

"நீங்கள் இங்கே மலை ஏறினால் வன்னியில் இருக்கிற வைத்தியசாலைக்கு என்ன வந்துவிடப்போகிறது? அந்தப் பெற்றோல் காசையும் ஹோட்டல் காசையும் நேரே அனுப்பலாமே." லண்டனில் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். "அனுப்பலாம் ஐயா. ஆனால் இத்தனை வருடமாக ஒருவரும் அனுப்பவில்லையே" என்றுதான் பதில் சொல்ல முடிந்தது. மனிதருக்குக் காசு கேட்க ஒரு சாட்டு வேண்டும், கொடுக்கவும் ஒரு சாட்டு வேண்டும். தெரிந்த ஒருவர் முழங்கால் நோக நடக்கிறார் என்றால், ஊரை மறந்திருந்தவரும் பத்துப் பவுண் போடுகிறார். மலை ஏறுவதன் பயன் அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பிரித்தானியாவில் பலரும் நிதி சேர்க்க நடக்கிற மூன்று மலை நடை. ஸ்கொட்லாந்தில் பென் நெவிஸ் 1,345 மீற்றர், இங்கிலாந்தில் ஸ்கஃபெல் பைக் 978 மீற்றர், வேல்ஸில் ஸ்நோடன் 1,085 மீற்றர். மூன்று நாட்டுக்கும் உயர்ந்த மலைகள். நடை மொத்தம் 37 கிலோமீற்றர் அளவில் வரும், மலைக்கு மலை வாகனத்தில் போகிற தூரம் 740 கிலோமீற்றர். ஸ்நோடனை இப்போது வேல்ஸ் மொழியில் இர் வித்வா என்றே அறிவிப்புப் பலகைகளில் காணலாம்.

இதே வேலையில் இறங்க நினைக்கிற ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் சொல்ல எனக்குச் சில விசயங்கள் இருக்கின்றன. சப்பாத்து, மழைக்கோட்டு எல்லாம் பிறகு. முதலில் காசு.

அந்த ஐயா கேட்டதில் ஒரு பாதி உண்மை உண்டு. நடக்கிறவர்களின் பயணச் செலவை நன்கொடையிலிருந்து எடுக்கக்கூடாது. வான் வாடகை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவரவர் பொக்கற்றிலிருந்தே வரவேண்டும். இது நாணயம் மட்டும் சார்ந்த விசயம் இல்லை, வரிச் சட்டமும் இதில் இருக்கிறது. வரி கட்டுகிற ஒருவர் கிஃப்ற் எய்ட் படிவத்தில் ஒப்பமிட்டு 100 பவுண் தந்தால், பதிவான அறக்கட்டளை அரசிடமிருந்து இன்னும் 25 பவுண் பெறலாம். ஆனால் நடக்கிறவரின் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டால், அவரும் அவருடைய மனைவி, பிள்ளைகள், பெற்றோர், சகோதரங்களும் தருகிற காசுக்குப் பொதுவாக அந்த 25 பவுண் கிடைக்காது. ஓர் ஆளுக்கு முதலில் காசு தருவது அவருடைய குடும்பம்தானே! ஆகவே செலவை நாங்களே கட்டினோம். அதை நன்கொடைப் பக்கத்தில் முதல் வரியாகவும் எழுதினோம். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் தந்தேன் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

காசு கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் போட்டால் கைகூப்பும் படங்கள் வரும், காசு வராது. ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கதைக்க வேண்டும். கூடுதலாகத் தரக்கூடியவரிடம் முதலில் கேளுங்கள். பட்டியலின் தலையில் நிற்கிற தொகையைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர்கள் தங்கள் தொகையைத் தீர்மானிக்கிறார்கள். வேலை செய்கிற கொம்பனி அதே அளவு காசைத் தானும் போடுமா என்று விசாரியுங்கள். பல பெரிய நிறுவனங்களில் அந்தத் திட்டம் உண்டு, கேட்காமல் தரமாட்டார்கள். இணையத்தில் காசு கட்டும்போது தளத்துக்கென்று ஒரு விருப்பத் தொகையும் சேர்ந்து நிற்கும். அதைக் குறைக்கலாம், விடவும் செய்யலாம் என்று வயதானவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடித உறையில் காசு தருகிறவரிடம் கிஃப்ற் எய்டுக்காக முழுப் பெயர், வீட்டு இலக்கம், தபால் குறியீடு மூன்றையும் அந்த இடத்திலேயே எழுதி வாங்குங்கள். கோயில் வாசலில் அவசரத்தில் 'குமார், ஹரோ' என்று எழுதிவிட்டுப் போனவரைத் தேடிப் பிடிப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். தெருவில் உண்டியல் குலுக்க நகரசபையின் அனுமதி வேண்டும், லண்டனில் பெரும்பாலும் பொலிசின் அனுமதி. தமிழ்க் கடைக்குள் வைப்பதென்றால் கடைக்காரரின் சம்மதமும் முத்திரையிட்ட பெட்டியும் போதும்.

அடுத்தது வைத்தியசாலை. உள்நோயாளர் விடுதி இல்லாத, வெளிநோயாளரை மட்டும் பார்க்கிற சிறிய இடம். முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ளே இருக்கிறது. இலங்கையில் அரச வைத்தியம் இலவசம், அதனால் எங்கள் காசு ஒருவருடைய வைத்தியச் செலவுக்கும் போகாது. அப்படியானால் எதற்கு? லண்டன் கூட்டத்தில் ஸ்கான் மெசின் என்ற பேச்சு அடிபட்டது. பொறுப்பு வைத்தியரிடம் போனில் கேட்டபோது, இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கிற குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் போகாமல் இருக்க சூரிய மின்தகடும் பற்றரியும் வேண்டும் என்றார். கிளினிக் நாளில் விடியவே வந்து கொப்பியோடு காத்திருக்கிற சனத்துக்குக் கூரையும் வாங்கும் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஸ்கான் மெசினைப் பற்றிக் கேட்டபோது, அதைப் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை என்று முடித்துவிட்டார்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இன்சுலின் குளிரில் இருக்கவேண்டிய மருந்து. அந்த நாட்களை ஊரில் இருந்து அனுபவித்தவர்களுக்கு, பற்றரி ஏன் பட்டியலில் முதலில் நிற்கிறது என்று விளக்கத் தேவையில்லை. லண்டனில் காசு கேட்கும்போதும் இதையே சொன்னோம். 'சுகாதார மேம்பாடு' என்றால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. 'அம்மாமாரின் இன்சுலின் பழுதாகாமல் இருக்க' என்றால் விளங்குகிறது. இங்கே எங்களில் பலருக்கும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அதே மருந்துதான் இருக்கிறது.

மருந்தைக் கப்பலிலோ பயணப் பெட்டியிலோ கொண்டுபோக நினைக்காதீர்கள். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. அதோடு இலங்கைச் சுகாதார அமைச்சின் அனுமதியும் தேவை. பிரித்தானிய வைத்தியசாலைகள் கழித்த கருவிகளை அனுப்புவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பழுதானால் திருத்த ஆள் இல்லை, பாகமும் கிடைக்காது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உத்தரவாதத்தோடு புதிதாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை எடுங்கள். பொருள் வைத்தியசாலையின் பதிவேட்டில் ஏறவேண்டும். அப்போதுதான் வைத்தியர் மாற்றலாகிப் போனாலும் பொருள் அங்கே இருக்கும், பராமரிக்கவும் ஒருவர் பொறுப்பாக இருப்பார். இந்தக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் எடுக்கலாம். மலைக்குத் திகதி குறிக்கமுதலே விண்ணப்பியுங்கள்.

இனி மலை. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், அதையே செருப்போடு ஏறியவர்கள் நாங்கள், 1,345 மீற்றர் என்ன பெரிய மலையா என்று எங்கள் பெடியள் சிலர் இளக்காரமாகக் கேட்டார்கள். சிவனொளிபாதமலையில் படி உண்டு, பருவகாலத்தில் வழி நெடுக லைற் உண்டு, தேத்தண்ணிக் கடையும் உண்டு. பென் நெவிஸில் இவை ஒன்றும் கிடையாது. கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்தே ஏறத் தொடங்க வேண்டும். அடிவாரத்தில் வெயில் எறிக்க, உச்சியில் பனிமூட்டத்தில் கைநீட்டினால் கை தெரியாது. கோடை தொடங்கிய பிறகும் மேலே பழைய பனி கிடக்கலாம். உச்சி ஒரு தட்டையான கல்வெளி, அதன் வடக்கு ஓரம் செங்குத்தாக விழுகிறது. மூட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உச்சித் தூணிலிருந்து வரைபடத்தின்படி 231 பாகையில் 150 மீற்றர், அதன்பிறகு 282 பாகை. போன் பற்றரி குளிரில் செத்துப்போகும். குழுவில் இருவருக்காவது திசைகாட்டி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவருக்குக் காசு கட்டுங்கள். அதுவும் உங்கள் செலவு, நன்கொடையிலிருந்து அல்ல.

ஸ்கஃபெல் பைக்கின் உச்சி, முதலாம் உலகப்போரில் இறந்த அந்தப் பகுதி ஆட்களின் நினைவாகப் பொதுமக்களுக்கு விடப்பட்ட நிலம். அதை அறிந்ததும் எங்களில் ஓரிருவர் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தார்கள். உச்சி முழுக்கப் பாறாங்கற்கள், பாதை அடிக்கடி மறையும். வழி தவறி மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கினால், மலையைச் சுற்றிக்கொண்டு உங்கள் வான் நிற்கிற இடத்துக்கு வர வாகனத்தில் வெகுதூரம் ஓடவேண்டும். ஸ்நோடனில் பிக் பாதையால் போகிறவர்கள், கிறிப் கோக் என்ற கத்திமுனை போன்ற முகட்டுக்குப் பிரிகிற இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டே போய் அங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் பலர். 1896 இல் திறந்த ரயில் பாதை ஒன்று அந்த மலையில் உண்டு. நாங்கள் மூச்சு வாங்கிப் போய்ச் சேர, ரயிலில் வந்த பாட்டி ஒருவர் புதுச் சப்பாத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த மூன்று மலையையும் 24 மணித்தியாலத்துக்குள் முடிப்பது ஒரு வழக்கம். வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நித்திரை இல்லாமல் இரவிரவாக வான் ஓட்டுகிறவர்தான் இந்தப் பயணத்தின் மிகப்பெரிய ஆபத்து. ஸ்கஃபெல் பைக்கின் அடியில் வாஸ்டேல் ஹெட் என்கிற, விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள் உள்ள ஊர் இருக்கிறது. சாமத்தில் வான் வானாக வந்து, கதவை அடித்துச் சாத்தி, சத்தம் போட்டு, ஓடைக்கரையை மலசலகூடமாக்கிவிட்டுப் போகிறார்கள் என்பது அந்த ஊர்ச் சனத்தின் நெடுநாள் முறைப்பாடு. ஒரு கிராமத்துக்கு உதவ இன்னொரு கிராமத்தை நாறடிக்கலாமா? நாங்கள் நாளுக்கு ஒரு மலை என்று நடந்தோம். இரவு அங்கேயே தங்கினோம், சாப்பாட்டை அந்த ஊர்களிலேயே வாங்கினோம். 24 மணித்தியாலம் என்று எழுதாததால் ஒருவரும் காசைக் குறைக்கவில்லை. ஐம்பது தாண்டிய பெண்கள் பலர் சேர்ந்துகொண்டதும் இதனால்தான். குழுவில் ஆகச் சீராக நடந்தவர்களும் அவர்களே. ஓடிப்போய் முன்னுக்கு நின்ற பெடியளுக்கு இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

பயிற்சிக்கு லண்டனில் மலை இல்லையே என்று சாட்டுச் சொல்லத் தேவையில்லை. பொக்ஸ் ஹில் என்கிற குன்று கிட்டத்தான். அதுவும் ஏலாத நாளில் அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது. ஏறுவதைவிட இறங்கிப் பழகுங்கள். சப்பாத்தை இரண்டு மாதமாவது போட்டு நடந்த பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. சாப்பாட்டுக்குக் கடையில் விற்கிற சக்திக் கட்டிகளைவிட எங்கள் எள்ளுருண்டையும் கச்சானும் பனங்கட்டியும் குறைந்தவை அல்ல. சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரோடு கதைத்து மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நடையில் சீனி சடாரென்று இறங்கும். இன்சுலினை வெளிப்பையில் உறையவிடாமல் உடம்போடு அணைத்து வையுங்கள். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பக்கத்தில் நடக்கிறவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆபத்து என்றால் 999, முதலில் பொலிசைக் கேட்டு, பிறகு மலை மீட்புப் பிரிவு என்று சொல்ல வேண்டும். பேச சிக்னல் இல்லாத இடத்திலும் குறுஞ்செய்தி போகக்கூடும், ஆனால் அதற்கு உங்கள் போனை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு தரம் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள். வருகிறவர்கள் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. அவர்களுடைய உண்டியலில் எங்கள் சொந்தக் காசைப் போட்டுவிட்டு வந்தோம்.

உச்சியில் எடுத்த படத்தை அன்றிரவே அனுப்புங்கள். தருகிறேன் என்று சொல்லிவிட்டு இருந்தவர்கள் அதைக் கண்ட பிறகுதான் தருவார்கள். அதன்பிறகு கணக்கு: வந்த காசு, கிஃப்ற் எய்ட், மாற்றிய நாளின் ரூபாய் விலை, வாங்கிய பொருளின் பற்றுச்சீட்டு, எல்லாம் ஒரே பக்கத்தில். நோயாளிகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நாடா வெட்டும் விழாவும் வேண்டாம், அந்த மேடைச் செலவுக்கு இன்னொரு வாங்கு வாங்கலாம். ஒரு வருடம் கழித்து அந்தப் பற்றரி வேலை செய்கிறதா என்று வைத்தியசாலைக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். பதில் என்னவானாலும், காசு தந்த எல்லோருக்கும் அதை எழுதி அனுப்புங்கள்.